உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க

இரவு பத்தரை. ஹாரோகேட் ஊரைத் தாண்டி, மேற்கே மேட்டு வெளிக்கு ஏறும் சாலை. மழை... குடையைத் திருப்பிப் போடுகிற காற்று. அந்தச் சாலையில் கடைசி விளக்கு மாவிஸ் வீட்டு விளக்குதான். அதற்கப்புறம் ஆடுகள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது.

மாவிஸ் என் சிநேகிதி ரூத்தின் அக்கா. இந்த ஊர் விடுதிகளுக்கெல்லாம் வெளுத்த விரிப்புகளை வேனில் கொண்டுபோய்ப் போடுகிறவன் நான். அவள் வீட்டுக்கும் போடுகிறேன். மாடியில் நாலு அறை. வருகிறவர்களுக்கு ராத்திரி படுக்கை, காலையில் சாப்பாடு. கீழே பின்னறையில் அவளும் புருஷன் நார்மனும்.

அந்த வருஷம் அவளுக்கு ஒரே கவலை. விடுதிகளுக்குத் தரம் பார்த்து நட்சத்திரம் போடுகிற அதிகாரி. சாதாரண ஆள் மாதிரி வந்து தங்கி, சாப்பிட்டு, கணக்குத் தீர்த்த பிறகுதான் யாரென்று சொல்வார்கள். போன தடவை முட்டை கருகியதில் ஒரு நட்சத்திரம் போயிற்று. இன்னொன்று போனால் கையேட்டிலிருந்து பெயரே போய்விடும். அப்புறம் யார் வருவார்கள்? வீட்டை விற்றுவிட்டு நார்மனின் அண்ணன் வீட்டு மச்சில் போய் ஒண்ட வேண்டியதுதான். அவள் பிறந்ததே இந்த வீட்டில்தான்.

அன்றைக்குத் தங்கியிருந்தது ஒரே ஆள். மிஸ்டர் டாட். குடை வியாபாரி என்று சொல்லிக்கொண்டு வந்தவர், சீக்கிரமே படுத்துவிட்டார்.

மணி அடிக்கவில்லை. நகத்தால் கதவைத் தட்டுகிற சத்தம். டிக்... டிக்...

ஒரு பெண். சாம்பல் நிறக் கோட்டு, சொட்டச் சொட்ட. கையில் பை இல்லை. கார் வந்த சத்தமும் இல்லை. ஆனால் ஒரு வாடை... அழுகிய முட்டை வாடை. நம் ஊர்க் கந்தகக் கிணற்று வாடை. நமக்கு அது புதிதில்லை. ஆனால் கிணற்று மண்டபத்தைச் சாயங்காலமே பூட்டிவிடுவார்களே.

"இடம் இருக்கா?" என்றாள்.

நார்மன் மாவிஸின் காதில் சொன்னான். "பையும் இல்ல, காரும் இல்ல. போலீஸுக்குச் சொல்லிடலாமா?"

"வாயை மூடு. இவதான் அதிகாரி. காரை கீழ எங்கயாவது விட்டுட்டு வந்திருப்பா."

"அப்ப அந்த நாத்தம்?"

"நாம மூஞ்சியைச் சுளிக்கிறோமான்னு பாக்கறதுக்கு."

"அடேயப்பா, என்னமா உழைக்கிறாங்க," என்றான் நார்மன்.

வேறு யாராவது வந்திருந்தால் மாவிஸ் பெயரைக் கேட்டிருப்பாள். காலை பத்து மணிக்குள் அறையைக் காலி பண்ண வேண்டும் என்று சட்டம் பேசியிருப்பாள். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"எத்தனை நாள் இருக்கலாம்?"

மாவிஸ் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள். "எத்தனை நாள் வேணாலும். உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க, மேடம்."

அந்தப் பெண் உடனே உள்ளே வரவில்லை. ஒரு கால் இன்னும் வெளியே மழையில்.

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"நிஜமாத்தான்."

"முழு மனசோட?"

"முழு மனசோட மேடம். வாங்க, உள்ள வாங்க."

அடுத்த காலும் உள்ளே வந்தது. வாசல் கால்மிதி நனையவில்லை.

மூன்றாம் அறையைக் கொடுத்தார்கள். விளக்கணைத்துப் படுத்த கொஞ்ச நேரத்தில் மேலே குளியல் தொட்டி நிரம்புகிற சத்தம். நிரம்பிக்கொண்டே... இருந்தது.

"ஊரே முங்கிடும் போலிருக்கு. போய்ச் சொல்லேன்," என்றான் நார்மன்.

"வெந்நீர் தீருதான்னு பாக்கறா. பேசாம படு."

அப்புறம் படிக்கட்டில் காலடி. சமையலறையில் இழுப்பறைகள் திறக்கிற சத்தம். கரண்டிகள்... ஒவ்வொன்றாக. எது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிற மாதிரி. நார்மன் குறட்டை விட ஆரம்பித்திருந்தான். 'சுத்தம் பாக்கறா' என்று மாவிஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காலடி அவர்கள் அறை வாசலில் வந்து நின்றது.

கைப்பிடி மெதுவாகத் திரும்பியது. மாவிஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கத்தியிருக்கலாம். ஆனால் அதிகாரியாயிற்றே. வாடை மூக்குக்குப் பக்கத்தில் வந்தது. படுக்கையின் ஓரம்... மெல்ல... அமுங்கியது.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. அது அவள் அறைக் கூரை இல்லை. மாடியில், மூன்றாம் அறைக் கட்டிலில் கிடந்தாள்.

கீழே ஓடினாள். பேக்கன் பொரிகிற மணம். மிஸ்டர் டாட் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டு வருஷக்கணக்காச்சு," என்றார். "நட்சத்திர அதிகாரி நான்தான். இப்பதான் அந்தம்மாகிட்ட சொன்னேன். போன நட்சத்திரம் திரும்பக் கெடைச்சாச்சு."

"எந்தம்மா?"

"வீட்டுக்காரம்மா. நீங்க ராத்திரி வந்தீங்களோ? நான் தூங்கிட்டேன்."

நார்மன் டீ கொண்டு வந்தான். "முட்டை எப்படி வேணும் மேடம்? வேக வெச்சதா, பொரிச்சதா?"

மாவிஸுக்குச் சிரிப்பு வந்தது. சதா கேலி பேசுகிறவன்தானே. "விளையாடாத நார்மன். என்னை யாரு மாடிக்குத் தூக்கிட்டுப் போனது?"

அவன் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தான். உடம்புக்கு முடியாதவர்களிடமிருந்து நகர்கிற மாதிரி. "என் பேரு உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

சமையலறையில் யாரோ முனகலாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்...

இதெல்லாம் ரூத்துக்குத் தொலைபேசியில் தெரிந்தது. மத்தியானம், சாலையோரத் தொலைபேசிப் பெட்டியிலிருந்து ஒருத்தி அழுதுகொண்டே பேசினாள். "ரூத், நான்டி. மாவிஸ்."

நடந்ததையெல்லாம் ரூத் கேட்டுவிட்டுச் சொன்னாள், "அக்கா இப்பதாங்க பேசினா. நட்சத்திரம் வந்துடுச்சுன்னு. யாருங்க நீங்க?"

"உன் முன்பல்லு ஒடைஞ்சுதே... நீ அப்பாவோட சைக்கிளைத் திருட்டுத்தனமா எடுத்து விழுந்தே. நான்தான் தள்ளிவிட்டேன்னு பொய் சொல்லி அம்மாகிட்ட அடி வாங்கினேன். நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குடி அது தெரியும்?"

ரூத் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அதே முகம், அதே சிரிப்பு. கேக் வெட்டி வைத்திருந்தாள். ரூத் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "அக்கா, என் பல்லு எப்படி ஒடைஞ்சுது, ஞாபகம் இருக்கா?"

அக்கா டீ ஊற்றுவதை நிறுத்தவில்லை. "பழசெல்லாம் எதுக்குடி இப்ப? இன்னொரு துண்டு எடுத்துக்க."

ரூத் எடுத்துக்கொண்டாள். அந்தப் பெட்டியிலிருந்து அப்புறம் யாரும் பேசவில்லை. மணி அடித்தாலும் ரூத் எடுப்பதில்லை.

போன வாரம் அங்கே விரிப்பு போடப் போனேன். நார்மன் நன்றாகச் சதை போட்டிருக்கிறான். வேன் வரைக்கும் கூட வந்தான். வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"ஏம்ப்பா... மாவிஸுக்கு முன்னெல்லாம் சமைக்கவே வராதுல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் கையமர்த்தினான்.

"வேணாம், சொல்லாத. சாப்பாடு நல்லா இருக்கு."