மெக்ஸிகோ பையனின் பயோடேட்டா

"பையன் ரெண்டே தடவைதான் தோத்திருக்கான்" என்று தமிழ் கேட்டும் நான் இயர்போனைக் கழற்றவில்லை. அதில் எப்போதுமே பாட்டு ஓடுவதில்லை.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்திருந்த தம்பதி அவர்கள். மகள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் மெக்ஸிகோ குத்துச்சண்டை சாம்பியனை முதல்முறையாகப் பார்க்கப் போகிறார்கள் என்பது அடுத்த ஸ்டேஷனுக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன படிச்சிருக்கான்னு கேட்டா, எட்டு வருஷம் அமெச்சூர்ங்கிறா உன் பொண்ணு" என்றார் கணவர்.

"அதுதாங்க படிப்பு. ப்ரொஃபஷனல் ஆனது வேலை. தோத்த ரெண்டும் அமெச்சூர்லதான். உங்களுக்குக் காலேஜ்ல எத்தனை அரியர்?"

"என் வேலைல யாரும் மூக்குல குத்த மாட்டாங்க."

"ரிவ்யூ மீட்டிங் முடிச்சிட்டு வர்றப்போ உங்க மூஞ்சியை நான் பார்த்ததில்லையா?"

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முடியாதுன்னு இன்னிக்கு நேர்லயே சொல்லிடப் போறேன். போன மாசம் நடந்த டைட்டில் ஃபைட்டை நேத்துதான் யூடியூப்ல பார்த்தேன். எட்டாவது ரவுண்டுல இவனுக்குப் புருவம் கிழிஞ்சு ஒரே ரத்தம். சோஃபால இருந்து எழுந்து கத்திட்டேன்."

"என்னன்னு கத்தினீங்க?"

"இடது பக்கம் வர்றான், கையைத் தூக்குங்க மாப்பிள்ளைன்னு."

மனைவி உடனே போனை எடுத்து மகளை அழைத்தார்.

"அப்பா ஒத்துக்கிட்டார்டி."

கணவர் மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் போன் பக்கம் சாய்ந்தார்.

"அந்தப் புருவத் தையல் பிரிச்சாச்சான்னு கேளு."