ஒரு முடிகூட உதிரவில்லை

ஈரத்தலையைச் சீவக் கூடாது, மேடம். ஈரமாக இருக்கும்போது முடி இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும், அப்புறம் பட்டென்று அறுந்துவிடும். நீங்கள் இன்று அவசரமாகக் குளித்து, ஈரத்தோடேயே இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்பது நெற்றியோரத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தப்பாக நினைக்காதீர்கள், தொழில்புத்தி. எதிரே உட்காருகிறவரின் முகத்துக்கு முன்னால் என் கண் வகிட்டுக்குத்தான் போகும்.

கேட்டதைச் சொல்கிறேன். மறைக்கத் தெம்பில்லை. இத்தனை வருடமாக நின்றபடியே பேசிப் பேசி, காலில் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டுவிட்டது. இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் குறுக்கே பேசாமல் நான் பேசுவதே எனக்கு ஓய்வு மாதிரி இருக்கிறது.

முடி கொட்டுகிறது என்று வருகிறவர்களுக்கு என் கடையில் நான் விற்றது எண்ணெயோ மருந்தோ இல்லை, புத்திமதி. முட்டை சாப்பிடுங்கள், பருப்பு சாப்பிடுங்கள், கீரையை ஒதுக்காதீர்கள். பட்டினி கிடந்து இளைக்காதீர்கள். நேரத்துக்குத் தூங்குங்கள். தலையை விரல் நுனியால் தேயுங்கள், நகத்தால் பிறாண்டாதீர்கள். இதைச் சொல்ல ஒரு கடையா என்று கேட்பீர்கள். வீட்டில் அம்மா சொன்னால் காதில் ஏறாது, வெளியே போய்க் கேட்டால் ஏறும். அதில் பொய் ஒன்றும் இல்லை. சத்துக் குறைவால் கொட்டுகிற முடி, சத்து ஏறினால் நிற்கும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவளுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பயப்படாதே, தானாக வளரும் என்று சொல்லித்தான் அனுப்புவேன். கழுத்து வீங்கி, சோர்ந்துபோய் வந்த ஒரு டீச்சரை, "இது என் வேலை இல்லம்மா, முதல்ல டாக்டரைப் பாருங்க" என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். தைராய்டு. இன்றைக்கும் தெருவில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வார். சாப்பாடு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதை எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தேவைப்படும்.

கடையில் பொய் என்று இருந்தது ஒன்றுதான். அது என் தங்கையின் முடி.

என் தலையைப் பார்க்கிறீர்கள் இல்லையா. அப்பாவின் வாரிசு. ஊருக்குச் சொல்கிற அத்தனையையும் ஒன்று விடாமல் தின்று பார்த்துவிட்டேன், எலிவால் எலிவாலாகவே இருந்தது. வழுக்கைக்காரர் சீப்பு விற்கிற மாதிரிதான் என்று கடை திறந்த புதிதில் எல்லோரும் வாய்க்குள் சிரித்தார்கள். தங்கைக்கு அம்மாவின் முடி, முழங்காலைத் தொடும். டீயும் பிஸ்கட்டும் தின்றே வளர்ந்தவள் அவள். கீரையைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். படுத்தால் போனும் கையும்தான். இருந்தும் அந்த முடி மதமதவென்று வளர்ந்தது. அவளைக் கூட்டிவந்து, முடியை விரித்துவிட்டு, சன்னலோரம் உட்கார வைத்தேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கண்ணாடி வழியே பார்ப்பார்கள், உள்ளே வந்து தொட்டுப் பார்ப்பார்கள். "எல்லாம் அக்கா சொன்ன சாப்பாடுதான்" என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு உயிர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டம் பெருகியது. இரண்டாவது கடைக்கு இடம் பார்த்து, அவளுடைய படத்தைச் சுவர் உயரத்துக்கு அடித்து மாட்டியும் ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டது. அவள் கணவர் லாரியில் வெளியூர் போயிருந்தார், நான்தான் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். முடிவு சொல்கிற அன்று அவள் டாக்டர் அறைக்குள் வரவே மாட்டேன் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நீயே கேட்டுட்டு வா அக்கா. நான் இங்கயே இருக்கேன்" என்றாள். அவளிடம் கேட்டுக்கொண்டு டாக்டர் என்னை மட்டும் உள்ளே விட்டார்.

பொறுமையான மனிதர். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், உடனே சிகிச்சையைத் தொடங்கினால் பிழைத்துக்கொள்வார் என்றார். மருந்து ஏற்றும்போது தலைமுடி மொத்தமும் உதிரும், முடிந்த பிறகு வளர்ந்துவிடும், அதற்குக் கவலைப்பட வேண்டாம் என்றார். நான் தலையை ஆட்டினேன், நன்றி சொன்னேன். அந்தக் கதவுக்கும் அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கும் நடுவில்தான் எல்லாம் நடந்தது. யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வாடிக்கையாளரிடம் பேசிப் பழகிய வாய், தானாகப் பேசியது.

"என்னக்கா சொன்னாரு?"

"சாதாரணக் கொழுப்புக் கட்டிதானாம். சாப்பாட்டைச் சரி பண்ணினா கரைஞ்சிடுமாம்."

அவள் அப்பாடா என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். வீட்டுக்குப் போகிற வழியில் பிஸ்கட் வாங்கினாள். அதை நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். இனி இதெல்லாம் கிடையாது என்றேன்.

கடைத் திறப்பு முடியட்டும், சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். திறப்பு முடிந்தது. கூட்டம் கொஞ்சம் ஓயட்டும் என்று இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து என் நம்பருக்குத்தான் கூப்பிட்டார்கள். வேறு இடத்தில் பார்க்கிறோம் என்று சொன்னேன், அதோடு விட்டுவிட்டார்கள். உண்மையைச் சொல்வதற்கு ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. அந்த அலுப்பை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆனால் அவளை நான் கவனித்துக்கொண்ட மாதிரி யாரும் யாரையும் கவனித்திருக்க மாட்டார்கள். முட்டை, மீன், கீரை, பருப்பு, பழம் என்று வேளை தவறாமல் என் கையாலேயே ஊட்டினேன். நேரத்துக்குப் படுக்க வைத்தேன், போனைப் பிடுங்கி வைத்தேன். முதல் தடவையாக என் புத்திமதியை முழுசாகக் கேட்டு நடந்தவள் அவள்தான். அந்த மாதங்களில் முடி அப்படி மின்னியது. லாரி ஓட்டம் முடிந்து வந்த அவள் கணவர், சாப்பாட்டு மேசையில் அவளை உற்றுப் பார்த்தார்.

"என்னக்கா, இவ இளைச்சுக்கிட்டே போறா?"

"முடியைப் பாருங்க தம்பி. உள்ள ஒரு கோளாறு இருந்தா முடி இப்படி மின்னுமா?"

பார்த்தார். சமாதானமாகிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. முடியைப் பார்த்தே உடம்பைக் கணிக்க அந்தத் தெருவுக்கே சொல்லிக்கொடுத்தவள் நான். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நாட்களில்கூட முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குடுத்து வெச்சவ என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் முடியும் போக ஆரம்பித்தது. உடம்பு அவ்வளவு வற்றிவிட்டால் எந்தக் கீரையும் நிறுத்தாது. நான் அவள் வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். அவள் கண் விழிப்பதற்கு முன்னால் தலையணையில் கிடப்பதை எல்லாம் பொறுக்கிவிடுவேன். அதே நிறத்தில் சவுரி வாங்கி, உள்பக்கமாகச் சேர்த்துப் பின்னிவிட்டேன். கண்ணாடியில் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை, கழுத்துக்குத்தான் தெரிந்தது.

"அக்கா, ரொம்பக் கனக்குது. வெட்டி விட்டுடேன்."

"உடம்பு தேறட்டும், வெட்டிக்கலாம்."

"எனக்கு எப்பவுமே இது வேணாம்க்கா. பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே அம்மாகிட்ட வெட்டச் சொல்லி அழுதேன். நீதான் விடல."

பின்னலில் சிக்கு இருந்தது, எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், ஒரு முடிகூட உதிரவில்லையே என்று. நான் அருகில் உட்கார்ந்து யாரும் அழுத்தி இழுத்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் தலைமுடி கொட்டுகிறது என்று புதுக் கடைக்கு வந்தாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இவங்க ட்ரீட்மென்டுக்கு வரவே இல்லையே, இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். அவள் போன பிறகு லாரியை விட்டுவிட்டு எனக்கு ஒத்தாசையாக வந்திருந்த தங்கையின் கணவர்தான் அப்போது கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. நான் குனிந்து அதை நிமிர்த்தி வைத்தேன். நிமிர்வதற்குள் அவர் உங்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

டாக்டர் சொன்னது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்ததா என்று கேட்டீர்கள். விழுந்தது. பிழைத்துக்கொள்வாள் என்று அவர் சொன்னதும் விழுந்தது. தெரிந்துதான் மறைத்தேன். சாப்பாட்டால் கரையாது என்று தெரிந்துதான் ஊட்டினேன். நான்தான் கொன்றேன் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மொட்டைத் தலையோடு இருக்க வேண்டி வந்திருந்தால் அவள் தாங்கியிருக்க மாட்டாள். என் தங்கையைப் பற்றி எனக்குத் தெரியாதா, மேடம்.