மெழுகு ஊற்றும் கை

மெழுகுவத்தியைப் படம் எடுப்பது நினைக்கிற அளவுக்குச் சுலபமல்ல, ஐயா. ஏற்றினால் சுடர் மட்டும் வெளுத்துப்போய்த் தெரியும். ஏற்றாவிட்டால் சோப்புக்கட்டி போல இருக்கும். ஜன்னலோரம் மேசையைப் போட்டு, வெளிச்சம் திருப்பியடிக்க எதிரே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்தினால்தான் ஓரளவு உயிர் வரும். கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைத்தவன் நான். அந்தப் பிழைப்பு போனபின் கேமரா மட்டும்தான் மிஞ்சியது.

மெழுகுவத்தி செய்தவள் என் தங்கை. புருஷன் அடி தாங்காமல் என் வீட்டுக்கு வந்தவள். "அண்ணா, திரும்ப மட்டும் அனுப்பிடாதே" என்றாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் ஆயிற்றா? அடுப்பு எரிய வேண்டாமா? அவள் மெழுகில் பூப்பூவாக வார்த்தாள், நான் படம் எடுத்து இணையத்தில் போட்டேன். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மெஷினில் செய்தது இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருத்தி எழுதினாள். அவளைக் குறை சொல்ல முடியாது, படத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து அவள் புருஷன் எதிர்க்கடையில் வந்து உட்கார ஆரம்பித்தான். "சோறு போட முடியலன்னா சொல்லுங்க மச்சான், கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான் சிரித்துக்கொண்டே.

பிறகு ஒருநாள் சூடான மெழுகு அவள் வலது கையில் பட்டுவிட்டது. அது தற்செயல், சத்தியமாக. கட்டுப்போட்ட கையில் வத்தியைப் பிடிக்கச் சொல்லி எடுத்துப் போட்டேன். இருந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்தது. பாவம், கையால் செய்தது என்று பார்த்தாலே தெரிகிறது என எழுதினார்கள். தங்கை வெகுநாள் கழித்துச் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் புண் என்றால் ஆறத்தானே செய்யும். களிம்பில் கொஞ்சம் உப்புத்தூள் கலந்து வைத்தேன். எரியுது என்றாள். மருந்து என்றால் எரியத்தான் செய்யும் என்று சமாதானம் சொன்னேன். அப்படியும் ஆறிவிட்டது, அவள் உடம்பு வாகு அப்படி. ஆறிய கையைப் போட்டால் யாரும் வாங்கவில்லை. எதிர்க்கடையில் அவன் மறுபடி வந்து உட்கார்ந்தான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்பது நியாயம்தான். இரண்டாம் தடவை மெழுகு சாய்வதற்கு முன்பே வீடியோ ஏன் ஓடத் தொடங்கியது, ஃபோகஸ் ஏன் பாத்திரத்தில் இல்லாமல் கையில் இருந்தது? அதையெல்லாம் பிற்பாடு சரிசெய்ய முடியாது, ஐயா. படம் ஆடிப்போனால் அவள் பட்டதெல்லாம் வீண். அதனால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஓடவிட்டு, அதன் பிறகுதான் வந்து பாத்திரத்தை அவள் கைமேல் சாய்த்தேன். விரல்களையே எடுக்க வேண்டிவரும் என்று நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நர்ஸிடம், "என் வீட்டுக்காரரையே வரச் சொல்லுங்க, நான் அவரோடயே போயிடறேன்" என்றாளாம். வலியில் ஏதோ பேசுகிறாள். நீங்கள்தான் தடுக்க வேண்டும், ஐயா. அங்கே போனால் அவன் அவளை அடிப்பான்.