பதினோராவது கல்

— கரை மேல ஏறிப் பாத்தேண்ணே. அந்தப் பக்கம் வாய்க்காலே இல்ல.

— உக்காரும்மா முதல்ல. வேகாத வெயில்ல வந்திருக்க. தண்ணி குடி.

— உன் பானைத் தண்ணிக்கா பஸ் ஏறி வந்தேன்? பதினோராவது கல்லுக்கிட்ட சர்க்கார்ல நிலம் ஒதுக்கினப்போ வாய்க்கால் பாசனம்னு காகிதத்துலயே போட்டிருந்தான். மேஸ்திரியா நின்னு நீ வெட்டின வாய்க்கால்னு உன் மாப்பிள்ளை பாக்கறவங்ககிட்ட எல்லாம் பெருமையடிச்சாரு.

— இப்ப என்ன சொல்றாரு?

— எம் மூஞ்சியப் பாத்தே பேசறதில்ல.

— என்னத்தச் சொல்ல... ஒம்பதாவது கல்லுக்கிட்ட பாறை வந்துடுச்சும்மா.

— பாறைன்னா உடைக்கறதுதானே?

— வெடிமருந்து கேட்டு இன்ஜினியர் மூணு தடவ எழுதினாரு. வரல. ஐந்தாண்டுத் திட்டம் முடிய நாப்பது நாள்தான் பாக்கி. பன்னெண்டு கிலோமீட்டர்னு திட்ட ஆபீசுல இலக்கு போட்டாச்சு. குறைஞ்சா அடுத்த அஞ்சு வருசத்துப் பணம் வேற பக்கம் போயிடும், வேலை செய்யற முந்நூறு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்னாரு.

— அதனால?

— ரோட்டோரமா மண்ணை வாரிக் கொட்டிக் கரைய மட்டும் போட்டோம். கிலோமீட்டருக்கு ஒண்ணா கல்லையும் நட்டோம். பாக்க வந்த பெரிய அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கல. கல்லை எண்ணினாரு, பன்னெண்டுன்னு எழுதிக்கிட்டாரு, போயிட்டாரு.

— ஒருத்தர் கூட வாயத் திறக்கலயா?

— திறந்த வாயில மறுநாள் சோறு விழணுமே. புதுத் திட்டத்துப் பணம் வந்ததும் மிச்சத்தை வெட்டிடலாம்னுதான் நெனச்சோம். முடிஞ்ச வேலைக்கு எதுக்குப் பணம்னு ஒத்த ரூபா ஒதுக்கல. வாய்க்கால் முடிஞ்சதுன்னு நம்பித்தான் உங்களுக்கு அங்க நிலமும் குடுத்திருக்கான்.

— கல்லுல நம்பர் எழுதினது?

— நான்தான். நாப்பத்தஞ்சு வயசுல எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்டவன். பெயிண்ட் டப்பாவக் கையில குடுத்ததும் என்னமோ உத்தியோகமே கிடைச்சுட்ட மாதிரி, கை நடுங்காம எழுதினேன்மா. அத நெனச்சாத்தான் உடம்பு கூசுது.

— அழாதேண்ணே.

— நாளைக்கே திட்ட ஆபீசுக்கு எழுதறேன். ஒம்பதுக்கு மேல வெறும் கரைதான்னு என் கையால எழுதிக் கையெழுத்துப் போடறேன். இந்தக் கரைக் காவல் வேலை போனா போகட்டும்.

— வேணாம்.

— என்னது?

— எழுதாதே.

— உங்களுக்குத் தண்ணி வேணாமா?

— நாங்க அங்க இருந்தாத்தானே? நிலத்தை வாங்கிக்கறேன்னு வெளியூர்ப் பெரியவர் ஒருத்தர் நாளன்னிக்குப் பாக்க வர்றாரு.

— கரை ஏறிப் பாத்துட மாட்டாரா?

— முட்டிவலிக்காரரு. ரோட்டுல நின்னு கல்லைப் பாத்துட்டுப் போயிடுவாரு. வெயில்ல நம்பர்தான் வெளிறிக் கிடக்கு... பையில பெயிண்ட் வாங்கி வச்சிருக்கேண்ணே, வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயேன்.