வெளிப்பாறைக்கு மேல் மஞ்சள் கொடி

கொடிக்கயிறு ஈரத்தில் சிக்கிக்கொண்டது, கெசியா. துறைமுகக் காவலர்கள் இழுத்துப் பார்த்துத் தோற்றார்கள். நான்தான் முடிச்சை அவிழ்த்து மஞ்சள் கொடியை மேலே ஏற்றினேன். உன் கணவனின் கப்பலில் பெரியம்மை என்று ஊருக்குத் தெரிந்தது அப்போதுதான்.

நீ என் தங்கை. கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

கப்பல் வியாபாரத்தை விட்டு ரோட் தீவுச் சட்டமன்றத்துக்குப் போனதும் நான் எழுதிய முதல் சட்டம் அது. நோய்க் கப்பல் வெளிப்பாறைக்கு அப்பாலேயே நிற்க வேண்டும். யாரும் ஏறக்கூடாது, இறங்கினால் சுடலாம். நல்ல சட்டம். அதன் பிறகு நம் ஊரில் ஒரு குழந்தைகூட அம்மையில் சாகவில்லை.

அன்று கொடி ஏற்றுவதற்கு முன், சோதனைக்குத் தனியாகவே துடுப்புப் போட்டேன். நோய் இருந்தால் எனக்கு மட்டும் வரட்டும் என்றதும், கரையில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஓபேத் கப்பல் விளிம்பில் சாய்ந்து சிரித்தான்.

"என்ன மச்சான், தொந்தி போட்டுட்ட? தேர்தலுக்கு ஊருக்கே சுடுற கேக்கு பூரா நீயே தின்னுட்டியா?"

"நாளைக்குத்தான் மாப்பிள்ளை தேர்தல். கினியில ஏத்துன சரக்கு என்னாச்சு?"

"சரக்குன்னு சொல்லாத. ஹவானாவுல வித்தாச்சு. வழியில கடல்ல போட்டவங்க போக மிச்சம்." சிரிப்பு போய்விட்டது. "என்னால முடியல மச்சான். நாளைக்கு ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சு எல்லாத்தையும் சொல்லப் போறேன். கப்பல் நெசமா யாருதுங்கிறதையும்."

அடிமை வியாபாரத்தை ஒழிப்பேன் என்றுதான் நான் ஆளுநர் பதவிக்கு நின்றேன். என் பேச்சைக் கேட்டு நீயே அழுதாய்.

மாலையில் வடகிழக்குக் காற்று எழுந்தது. படகோட்டி ஜாபெஸ் ஓடிவந்தான்.

"ஐயா, நங்கூரம் தாங்காது. நான் போய்க் கப்பலை உள்ள கொண்டாந்துடறேன். எனக்கு அம்மை வந்து போயாச்சு, மூஞ்சியப் பாருங்க."

"உன் மூஞ்சிக்குச் சட்டத்துல விலக்கு இல்ல, ஜாபெஸ்."

"உங்க தங்கச்சி புருஷன்யா அது."

"அதனாலதான்."

இருட்டுவதற்குள் கப்பல் பாறையில் உடைந்தது; ஒருவரும் பிழைக்கவில்லை. சொந்த மாப்பிள்ளைக்கும் வளையாதவன் என்று ஊர் பேசியது. கையில் கறுப்புப் பட்டையோடு தேர்தலுக்குப் போனேன். எதிர்த்து நின்றவனே எழுந்து கைகொடுத்தான். ஆளுநரானதும் சொன்னபடி அந்த வியாபாரத்தை ஒழித்தேன். ஓபேத்துக்கும் அதுதானே வேண்டியிருந்தது.

கரையொதுங்கிய உடல்களைத் தொட எல்லோரும் பயந்தார்கள். நானே பாய்த்துணியில் சுற்றிச் சுண்ணாம்புக் குழியில் இறக்கினேன். அவனைக் கடைசியாக ஒருமுறை பார்க்க உன்னை ஏன் விடவில்லை என்று கேட்கிறாய்.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், கெசியா. அவன் முகத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அந்தக் கப்பலில் யார் முகத்திலுமே இல்லை.