கை நனைத்த பிறகு

எங்கள் ரிசார்ட்டில் சாப்பாடு நன்றாக இருக்கும், சார். வந்ததிலிருந்து நீங்கள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போலீஸ்காரர் என்பதால் வற்புறுத்தவில்லை.

என் பெயர் அன்வர். ஏற்காடு கடைவீதியில் அத்தாவுக்கு மிளகு, காப்பிக்கொட்டைக் கடை. எனக்குப் பேச்சு வரும் என்பதால் ரிசார்ட்டில் உறுப்பினர் சேர்க்கும் வேலை. சேலத்துத் துணிக்கடைகளில் பெட்டி வைத்திருக்கிறோம். சீட்டில் பெயர் எழுதிப் போடுகிற எல்லோருக்கும் பரிசு விழும்: பாதி விலையில் இரண்டு நாள் ஏற்காடு. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து, இருபத்தைந்து வருட உறுப்பினர் திட்டம் பற்றி ஒன்றரை மணி நேரம் கேட்க வேண்டும் என்பது பின்பக்கத்தில் எறும்பு வரிசை மாதிரி இருக்கும். படிக்கிறவர்கள் வருவதில்லை. எனவே வருகிறவர்களோடு எனக்குத் தகராறே இருந்ததில்லை.

கையெழுத்து வாங்கிய பிறகுதான் சாப்பாடு என்று பெங்களூர் மேலாளர் வைத்திருந்தார். நான்தான் மாற்றினேன். நம் பக்கம் பெண் பார்க்கப் போனால், சம்மதம் ஆகாமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பாவம், பெங்களூர்க்காரருக்கு இது எப்படித் தெரியும்? நான் முதலில் இலை போட்டேன். வடை பாயசத்தோடு நானே பரிமாறினேன். அதன் பிறகு என் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எல்லோரும் சிரமப்பட்டார்கள்.

காளியண்ணன் ஐயாவும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் ராசிபுரத்திலிருந்து வந்தார்கள். இரண்டாவது கரண்டிப் பாயசத்தை அந்த அம்மா கையால் மறித்தார்.

"எனக்குப் போதுஞ் சாமி. அடுத்த மாசம் நெஞ்சுல ஆப்பரேசன். அதுக்கு முன்னால ரெண்டு நாளு நல்ல காத்துல இருக்கட்டும்னு இவுங்க கூட்டியாந்தாங்க."

ஆப்பரேசன் என்றால் பணம் எடுத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பது குற்றமில்லையே.

ஐயா பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார். "ஏனுங்க தம்பி, ஊட்டுக்குப் போயி யோசிச்சுச் சொல்றனுங்களே?"

நான் மறுத்துப் பேசவில்லை. குனிந்து அவர் எச்சில் இலையை எடுத்தேன். பதறி எழுந்துவிட்டார். அப்புறம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். ஆப்பரேசன் பணம் அன்றே எங்கள் கணக்குக்கு வந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் போன் செய்தார். "தம்பி, ஆசுபத்திரியில பணங் கட்டச் சொல்றாங்க. இது நமக்கு வேண்டாமுங்க. கடுதாசி எழுதிப் போட்டாப் போதுங்களா?"

போதும், சார். பத்து நாளுக்குள் ஒரு கடிதம் எழுதினால் பணம் முழுதும் திரும்பும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. என் கையால் சாப்பிட்டவர், என்னை இலை எடுக்க வைத்தவர், இப்படிப் பேசலாமா?

"இல்லீங்கய்யா. ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடோணும். நாளைக்கே கடைசி நாளுங்க."

வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்த அம்மாவுக்கு மாடிப்படி ஏறுவதே ஆகாது என்று ஐயாவே சொல்லியிருந்தார்.

வந்துவிட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் நின்றபடி ஏறி வந்திருந்தார்கள். அந்த அம்மா முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ரத்துப் படிவம் என் மேசை டிராயரில் இருந்தது. ஒரு நிமிட வேலை. நான் இலை போட்டேன். இந்த முறை இருவரும் தொடவில்லை. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. மேலாளர் வந்துதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சாயங்காலம் வரை உட்கார வைத்தேன். மேலாளர் பெங்களூரில் இருந்தார்.

மலை இறங்கும் பஸ்ஸில், பதினோராம் வளைவில், ஐயாவின் தோளில் சாய்ந்தபடியே அந்த அம்மா போய்விட்டார். பத்தாம் நாளும் அத்தோடு முடிந்தது.

நேரில் வர வேண்டும் என்ற நிபந்தனை எந்தத் தாளிலும் இல்லை, சார். அது நான் சொன்னது. அந்த அம்மாவுக்கு ஆகாது என்று தெரிந்துதான் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுத வேண்டாம். ஐயாவின் உறுப்பினர் அட்டை இருபத்தைந்து வருடம் செல்லும். வருடத்துக்கு ஒரு வாரம் வந்து தங்கலாம். தனியாளுக்கு அறை கிடையாது என்பது உண்மையிலேயே ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதனால், துணைவர் என்ற இடத்தில் அந்த அம்மாவின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். ஐயா இன்னும் வரவில்லை. மனசு ஆறினதும் வருவார்.