உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம்மோடு வேலை பார்க்கும் இன்சுக்கின் அண்ணன் மியங்கியூவுக்கு நடந்தது.

நவம்பர் மாதம். மாலை ஐந்தே முக்கால்தான், அதற்குள் இருட்டிவிட்டது. கங்ணுங் நகருக்கு இறங்கும் பழைய மலைப்பாதை... முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. மியங்கியூ முட்டைக்கோஸ் லாரியை ஓட்டிக்கொண்டு வந்தான். மதியம் மூட்டை ஏற்றியவர்களோடு குடித்த சோஜு சாராயத்தின் போதை இன்னும் இறங்கவில்லை.

வளைவில் ஒரு முதுகு. கூன் விழுந்த முதுகு.

டப்.

அப்புறம் கறகறவென்று ஒரு சத்தம். ஓக் மரத்துக் கொட்டைகள் டயருக்கடியில் நொறுங்கின. காட்டில் பொறுக்கிக்கொண்டு வந்த யாரோ ஒரு கிழவியின் மூட்டை. இறங்கினான். பிரேக் கருகிய நாற்றம். சாலையில் ஆள் இல்லை. செல்போன் விளக்கைப் பள்ளத்தில் அடித்தான். கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"குளிருதுப்பா..."

போலீசைக் கூப்பிட்டால் முதலில் இவனைத்தான் ஊதச் சொல்வார்கள். லைசென்ஸ் போய்விடும். விளக்கை அணைத்தான். வண்டியை எடுத்தான்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது செல்போன் மினுங்கியது. எப்போதும் சாமான் வாங்கும் செயலி. 'உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை.' கைக்குள் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பை. கம்பளிப் போர்வை.

மனைவி சுன்மி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஒட்டுக் கேக்குதுங்க அது. முந்தாநாள் மூட்டு வலிக்குதுன்னேன், காலையில தைலத்தைக் காட்டுது. உங்கம்மாவை விட இதுக்குக் காது கூர்மை!"

ஆமாம், கேட்டிருக்கும். குளிருது என்றாளே... போன் கையில்தானே இருந்தது. மைக்கை அணைத்துவிட்டுப் படுத்தான்.

மறுநாள் தண்ணீர் பாட்டில்களைக் காட்டியது. அதன் கீழே, தொடை எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் பட்டை.

கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். தாகம் என்று யாரும் சொல்லவில்லையே. கால் என்று யாரும்... அவள் உயிரோடு இருக்கிறாள்.

அவசர எண்ணைப் போட்டான். "சொல்லுங்க, எந்த இடம்?" என்றது ஒரு பெண் குரல். துண்டித்துவிட்டான்.

மூன்றாம் நாள் ஒரே ஒரு பொருள். மலையேறுகிறவர்கள் ஊதும் விசில்.

கத்திக் கத்திக் குரல் போயிருக்கும் என்று அவனுக்குப் புரிந்தது. செயலியை அழித்தான்.

நான்காம் நாள் அது தானாகவே திரும்பி வந்திருந்தது. சணல் கோடித் துணி. ஊதுவத்தி.

பார்த்ததும் மியங்கியூ அப்பாடா என்று மூச்சு விட்டான். அன்றைக்கு இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டான்.

"இன்னிக்குத்தாங்க உங்க மூஞ்சியில உயிர் வந்திருக்கு," என்றாள் சுன்மி.

வனக் காவலர்கள் உடலை எடுத்தார்கள். மூன்று நாள் உயிர் இருந்திருக்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். விரல் நகமெல்லாம் மண்ணாம். இடித்தது யாரென்று தெரியவில்லை.

பத்து நாள் கழித்து, அதே செயலியில் ஒரு வரி. 'உங்களிடம் வந்துகொண்டிருக்கிறது. 48 கிலோமீட்டர்.'

அவன் எதையும் வாங்கவில்லை.

மறுநாள் 47. அதற்கு மறுநாள் 46. எந்த வண்டியும் அவ்வளவு மெதுவாக வராது. உடைந்த காலை இழுத்துக்கொண்டு... அப்படி வந்தால்தான் உண்டு.

போனை ஆற்றில் எறிந்தான். சுன்மியின் போனில் வந்தது. "என்னங்க வருது? நான் ஒண்ணும் வாங்கலையே?" என்று அவள் கேட்டாள். அவளையும் விட்டுவிட்டுத் தென்கோடிப் பூசான் நகருக்கு ஓடினான். அங்கே வேறு பெயரில் ஒரு அறை, புதிய போன். அதைத் திறந்தால்... 330 கிலோமீட்டர். மறுநாள் 329.

அது போன வருஷம்.

இன்றைக்குச் சாயங்காலம் இன்சுக்கைப் போனில் கூப்பிட்டிருக்கிறான். மலைப்பாதையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறான். "இப்ப எவ்வளவு தூரம் காட்டுதுண்ணே?" என்று கேட்டாளாம்.

"கிலோமீட்டர் போயிடுச்சும்மா," என்றானாம். "மீட்டர்ல காட்டுது."